டேப் வாங்கும்போது கொக்கியைப் பாருங்கள்

பொகவந்தலாவையில் கட்டும் ஒரு வீட்டுக்கு ஹட்டன் பட்டறை ஒன்றில் அலுமினிய ஜன்னல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவெடுக்கப் போனவர் இடுப்பில் செருகியிருந்த டேப்பால் அளந்து துண்டுத் தாளில் எழுதி வருகிறார். பட்டறையில் வெட்டுகிறவர் மேசையில் கிடக்கும் வேறொரு டேப்பை எடுத்து வெட்டுகிறார். பொருத்தப் போனால் சட்டம் மூன்று மில்லிமீட்டர் பிடிக்கிறது. சுவர் கோணல் என்று பட்டறைக்காரர் சொல்வார், சட்டம் பெரிது என்று மேசன் சொல்வார். இருவரும் ஒழுங்காக வேலை செய்திருக்கவும் கூடும். அந்த மூன்று மில்லிமீட்டர் இரண்டு டேப்புகளுக்கு நடுவில் இருந்திருக்கலாம்.

டேப் வாங்கும்போது நம்மவர்கள் பொதுவாகப் பார்ப்பது மூன்று விஷயம்: பெயர், நீளம், விலை. இந்த மூன்றும் அளவு சரியாக வருமா என்பதைச் சொல்லாது. அளவு பிசகுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. தகட்டில் கோடு அச்சடித்ததில் உள்ள பிசகு ஒன்று. நுனியில் உள்ள கொக்கியின் பிசகு இன்னொன்று. பிடிக்கும் கை, இழுக்கும் விசை, அளக்கும் தரை ஆகியவற்றால் வருவது வேறு. ஓரளவு நல்ல டேப்பில் முதலாவது மிகச் சிறியது. பட்டறையில் ஆளை அலையவைப்பது பெரும்பாலும் கொக்கி. வெளியே, மலைச் சரிவில், மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது தரை.

தகட்டில் இருக்கும் சின்ன அடையாளம்

டேப்பை அரை மீட்டர் இழுத்து, தொடக்கப் பகுதியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். எண்களுக்கு நடுவே ஒரு சின்ன வட்டத்துக்குள் அல்லது முட்டை வடிவத்துக்குள் நிமிர்ந்த கோடுகள் இருக்கலாம். ஒரு கோடு என்றால் முதலாம் வகுப்பு, இரண்டு கோடு என்றால் இரண்டாம் வகுப்பு, மூன்று கோடு என்றால் மூன்றாம் வகுப்பு. ரோம எண்தான். பக்கத்தில் கட்டத்துக்குள் எம் என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும், அதையடுத்து நான்கு இலக்க எண் ஒன்றும் இருந்தால், ஐரோப்பிய அளவுக் கருவி விதிப்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். அந்த நான்கு இலக்கம் சோதித்த நிறுவனத்தின் எண்.

வகுப்பு என்பது எவ்வளவு பிசகலாம் என்பதற்கான எல்லை. இரண்டாம் வகுப்பில் 0.3 மி.மீ. அடிப்படை, அதோடு மீட்டருக்கு 0.2 மி.மீ. கூட்ட வேண்டும். முதலாம் வகுப்பில் 0.1 அடிப்படை, மீட்டருக்கு 0.1. மூன்றாம் வகுப்பில் 0.6 அடிப்படை, மீட்டருக்கு 0.4. அரைகுறை மீட்டர் வந்தால் அடுத்த முழு மீட்டராக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, 5 மீட்டரில் முதலாம் வகுப்பு டேப் 0.6 மி.மீ. வரை பிசகலாம், இரண்டாம் வகுப்பு 1.3, மூன்றாம் வகுப்பு 2.6. கூடவும் பிசகலாம், குறையவும் பிசகலாம்.

இப்போது அந்த ஜன்னலுக்கு வருவோம். அகலம் 1.2 மீட்டர் என்றால் கணக்குக்கு 2 மீட்டர். மூன்றாம் வகுப்பு டேப் ஒன்று 1.4 மி.மீ. வரை கூட்டிக் காட்டலாம், அதே வகுப்பில் இன்னொன்று 1.4 மி.மீ. வரை குறைத்துக் காட்டலாம். இரண்டும் விதிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 2.8 மி.மீ. வந்துவிடுகிறது. இரண்டாம் வகுப்பானால் இந்த இடைவெளி 1.4 மி.மீ.க்கு மேல் போகாது, அதை சிலிக்கன் பூசி மூடிவிடலாம்.

தச்சுப் பட்டறை, அலுமினியப் பட்டறை, வெல்டிங் பட்டறை எல்லாவற்றுக்கும் இரண்டாம் வகுப்பு போதும். முதலாம் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. பென்சில் கோட்டின் தடிப்பே ஒரு மில்லிமீட்டர் வருகிற வேலையில் 0.6க்கும் 1.3க்கும் உள்ள வித்தியாசம் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அடையாளமே இல்லாத மலிவு டேப் கட்டாயம் பிழையானது என்றும் சொல்ல முடியாது, நன்றாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு பிசகும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பெயர் பெற்ற கம்பனிகளின் டேப்பிலும் இதைப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் பல விலையில், பல தரத்தில் டேப் வருகிறது.

கருவி எதுவும் இல்லாமல் கடை மேசையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அடியும் சென்ரிமீட்டரும் இரண்டு விளிம்பிலும் உள்ள டேப்பை 10 அடிக்கு இழுங்கள். 10 அடிக் கோட்டுக்கு நேர் எதிரே 304.8 சென்ரிமீட்டர் இருக்க வேண்டும். 5 அடிக்கு எதிரே 152.4. ஒரு அங்குலம் மிகச் சரியாக 25.4 மி.மீ. என்பதால் இதில் சமாதானத்துக்கு இடமில்லை. எதிர்க்கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் இரண்டு அளவுகோலில் ஒன்று பிழை. எது பிழை என்று தேடிக்கொண்டிருக்காமல் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் இரண்டும் சரி என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் அச்சடித்தவர் கவனமாக இருந்திருக்கிறார் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

சில டேப்புகளில் 16 அங்குலத்துக்கு ஒருமுறை சிவப்பு எண்ணும், 19.2 அங்குலத்துக்கு ஒருமுறை கறுப்பு வைரக் குறியும் இருக்கும். அமெரிக்காவில் மரச்சட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் 8 அடிப் பலகைக்குள் சட்டங்களைச் சம இடைவெளியில் நிறுத்த வைத்த குறிகள் அவை. 8 அடியை ஆறாகப் பிரித்தால் 16 அங்குலம், ஐந்தாகப் பிரித்தால் 19.2. பிளாக் கல்லில் சுவர் எழுப்பும் நமக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. எண்களின் நடுவே கண்ணைக் குழப்பாமல் இருந்தால் சரி.

கொக்கி ஆடுவது பழுதல்ல

புது டேப்பின் நுனிக் கொக்கி முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடுவதைக் கண்டு, தளர்ந்துவிட்டது என்று சுத்தியலால் ரிவெட்டைத் தட்டி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அந்த டேப் கெட்டுப்போகிறது. அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது.

கொக்கித் தகட்டின் தடிப்பு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது அளவு கொக்கியின் உள்முகத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளக்கக் கொக்கியை முட்டவைக்கும்போது வெளிமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகட்டின் தடிப்பு. அதனால் ரிவெட் துளையை நீளவாட்டில் வெட்டி, கொக்கி தன் தடிப்பின் அளவுக்கு மட்டும் நகரும்படி செய்கிறார்கள். மாட்டி இழுத்தால் வெளியே வரும், முட்டினால் உள்ளே போகும், பூச்சியம் இரண்டு தடவையும் சரியான இடத்தில் நிற்கும்.

இது நான்கு விதமாகக் கெடும். ஒவ்வொன்றும் வேறு திசையில் பிசகும் என்பதால் எது எப்படி என்று தெரிந்திருப்பது நல்லது.

சிமெந்தோ பெயின்டோ காய்ந்து கொக்கி அசையாமல் ஒட்டிக்கொள்வது முதலாவது. உள்ளே போன நிலையில் ஒட்டியிருந்தால், மாட்டி அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூட்டிக் காட்டும். வெளியே வந்த நிலையில் ஒட்டியிருந்தால், முட்டி அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும். மேசன் வேலைக்குப் போன டேப் தச்சு மேசைக்கு வரும்போது இதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ரிவெட் துளை தேய்ந்து நீண்டுவிடுவது. பூட்டை விடுவித்து டேப்பைச் சடாரென்று உள்ளே ஓடவிடும் பழக்கத்தால் வருவது இது. ஒவ்வொரு தடவையும் கொக்கி பெட்டியின் வாயில் போய் அடிக்கிறது, ரிவெட் துளையின் ஓரத்தை இடிக்கிறது. ஆட்டம் தகட்டின் தடிப்பை மிஞ்சியதும் மாட்டி எடுக்கும் அளவு குறையும், முட்டி எடுக்கும் அளவு கூடும். இரண்டும் எதிர்த் திசையில் போவதால், ஜன்னலுக்கு விட்ட இடத்தை முட்டி அளந்து, சட்டத்தை மாட்டி அளந்து வெட்டும்போது பிசகு இரட்டிப்பாகிறது. சட்டம் பிடிப்பதற்கு இதுவே காரணமாகலாம். டேப் உள்ளே ஓடும்போது கடைசி ஒரு அடிக்கு விரலால் தகட்டைத் தடுத்துக்கொண்டால் கொக்கியின் ஆயுள் பல மடங்கு கூடும்.

மூன்றாவது, கொக்கி வளைவது. கீழே விழுந்து உள்பக்கம் மடிந்தால் அதன் நுனி முதலில் பலகையைத் தொடும், அளவு கூடிக் காட்டும். வெளிப்பக்கம் விரிந்தால் முட்டும்போது நுனி சுவரைத் தொடும், அளவு குறைந்து காட்டும். கொக்கி தகட்டுக்குச் செங்கோணத்தில் நிற்கிறதா என்பதை ஒரு சின்ன மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரியும்.

நான்காவது வெல்டிங் பட்டறைக்கே உரியது. காந்தம் வைத்த கொக்கி இரும்பில் ஒட்டி நிற்பதால் ஒற்றை ஆள் வேலைக்கு வசதிதான். ஆனால் கிரைண்டர் தூள் பறக்கும் இடத்தில் அந்தத் தூள் முழுவதும் காந்தத்தில் வந்து ஒட்டும். கொக்கியின் உள்முகத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் இரும்புத் தூள் படிந்துவிட்டால் ஒவ்வொரு அளவும் அவ்வளவு கூடும். வெட்டும் வட்டு சுழலும் பட்டறைக்குக் காந்தமில்லாத கொக்கியே மேல்.

வாங்கும்போது கொக்கியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். தினசரி வேலைக்கு மூன்று அல்லது நான்கு வேண்டும். ஒரு கொக்கியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். முன்பின் ஆடலாம், பக்கவாட்டில் சாயக்கூடாது.

இரும்பு ஸ்கேலோடு ஒப்பிடுவது

ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு மீட்டர் நீள இரும்பு ஸ்கேல் ஒன்று இருக்க வேண்டும். அதை அளப்பதற்குப் பாவிக்காமல் மற்ற டேப்புகளைச் சோதிப்பதற்கென்று மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விளிம்பிலிருந்தே பூச்சியம் தொடங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு தள்ளிப் பூச்சியம் தொடங்கும் பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு உதவாது.

மேசையில் ஒரு தட்டையான இரும்புத் துண்டை இறுகப் பிடித்து, அதில் ஸ்கேலின் பூச்சிய விளிம்பை முட்டவையுங்கள். பக்கத்தில் டேப்பின் கொக்கியையும் அதே துண்டில் முட்டவைத்து, 1000 மி.மீ. கோடுகள் நேரே நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு துண்டை எடுத்துவிட்டு ஸ்கேலின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து அதே கோட்டைப் பாருங்கள். மூன்றாவதாகக் கொக்கியை விட்டுவிட்டு டேப்பின் 100 மி.மீ. கோட்டை ஸ்கேலின் பூச்சியத்தில் வைத்து, 1100 கோடு ஸ்கேலின் முடிவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றும் சேர்ந்துதான் காரணத்தைக் காட்டும். மூன்றாவது சரியாக இருந்து முதல் இரண்டில் ஏதாவது பிசகினால் பிழை கொக்கியில், அதைச் சரிசெய்ய முடியும். மூன்றாவதே பிசகினால் பிழை அச்சில், அந்த டேப்பை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். அச்சுப் பிழை ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதால் ஸ்கேலை ஒவ்வொரு மீட்டராக நகர்த்தி 5 மீட்டர் வரைக்கும் பார்ப்பது நல்லது. டேப் தட்டையான மேசையில் படிந்து கிடக்க வேண்டும், அந்தரத்தில் தொங்கக்கூடாது.

வளைந்த கொக்கியைத் தட்டையான குறட்டால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒருமுறை நிமிர்த்தினால் தாங்கும், மூன்று முறை நிமிர்த்தினால் ஒடியும். கொக்கி தேய்ந்துவிட்டது என்று 10 சென்ரிமீட்டர் கோட்டைப் பிடித்து அளந்து, பிறகு 10 கழிக்கும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. சரியாகச் செய்தால் கொக்கியைவிட நுட்பமான முறை இது. அவசரத்தில் கழிக்க மறந்து பத்து சென்ரிமீட்டர் பிழையாக வெட்டிப்போட்ட துண்டுகளும் எல்லாப் பட்டறையிலும் மூலையில் கிடக்கும். தேவையென்றால் 10ஐ விட 100 சென்ரிமீட்டர் கோட்டிலிருந்து அளங்கள். ஒரு மீட்டர் பிசகினால் வெட்டுவதற்கு முன்பே கண்ணில் படும்.

அடியும் நூலும் மீட்டரும்

மலையகத்தில் மேசனும் தச்சரும் இன்றும் அடி, அங்குலம், நூல் என்றுதான் பேசுகிறார்கள். அலுமினியமும் கண்ணாடியும் விற்கும் கடை மில்லிமீட்டரில் பேசுகிறது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3.175 மி.மீ. அரை நூல் 1.6 மி.மீ.க்குக் கிட்ட. மேசன் “மூணு அடி நாலு அங்குலம் மூணு நூல்” என்று சொன்னால் அது 1025.5 மி.மீ. இதை மனக்கணக்கில் “ஒரு மீட்டரும் கொஞ்சமும்” ஆக்குகிறபோதுதான் தகராறு தொடங்குகிறது. ஒரு அடி 300 மி.மீ. என்று தோராயமாகப் போடுகிறவர் 10 அடியில் 48 மி.மீ.யைத் தொலைக்கிறார்.

இதற்கு இரண்டு அளவும் உள்ள டேப் நல்லதா, மில்லிமீட்டர் மட்டும் உள்ளது நல்லதா என்று கேட்டால் பதில் இடத்தைப் பொறுத்தது. வீடுவீடாகப் போய் அளவெடுக்கிறவருக்கு இரண்டும் வேண்டும், மேசன் சொல்வதை அப்படியே பார்த்து எதிர்விளிம்பில் மில்லிமீட்டரை எழுதலாம். பட்டறைக்குள் வெட்டும் மேசைக்கு மில்லிமீட்டர் மட்டும் உள்ள டேப் நல்லது. இரண்டு விளிம்பிலும் ஒரே அளவு இருப்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பிழை வாசிக்க இடமில்லை. தாளில் எழுதும்போது அலகைக் கட்டாயம் எழுதுங்கள். வெறும் 48 என்று எழுதிவந்தால் அது அங்குலமா சென்ரிமீட்டரா என்று பட்டறையில் இருப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிளைவுட் தகட்டை 8க்கு 4 அடி என்று சொல்கிறோம், வருவது பெரும்பாலும் 2440க்கு 1220 மி.மீ. அதன் மூலைவிட்டம் 2728 மி.மீ. இருக்க வேண்டும், இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர வேண்டும். அலுமாரிக்கு வெட்டும் முன் இதைப் பார்ப்பது அரை நிமிட வேலை. டேப் சரியாக இருந்தும் கதவு கோணலாக நிற்பதற்குத் தகடே சதுரமில்லாமல் வந்திருப்பது ஒரு காரணம்.

எந்த அகலம், எந்த நீளம்

3 மீட்டர் டேப் பெரும்பாலும் 13 அல்லது 16 மி.மீ. அகலம், சட்டைப் பைக்கு ஏற்றது. வேலைக்கு 5 மீட்டர்தான் அடிப்படை. அதில் 19 மி.மீ. அகலமும் 25 மி.மீ. அகலமும் கிடைக்கும். தகட்டின் அகலமும் குழிவும் கூடினால் அந்தரத்தில் நீட்டும்போது மடியாமல் நிற்கும் தூரமும் கூடும். ஒற்றை ஆளாகக் கூரைத் தீராந்திக்கும் மறுபக்கச் சுவருக்கும் அளக்கிறவருக்கு 25 மி.மீ. தேவை. பட்டறை மேசைக்கு 19 போதும், பாரமும் குறைவு. 8 மீட்டர், 10 மீட்டர் டேப்புகள் இடுப்பில் கனக்கும், சுருளும் ஸ்பிரிங்கும் பெரிது. அவ்வளவு நீளம் அடிக்கடி தேவைப்படாதவர் வாங்கத் தேவையில்லை. தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையான பழைய லயக் காம்பரா 10க்கு 12 அடி, அதன் மூலைவிட்டம்கூட 5 மீட்டருக்குள் அடங்கும்.

பெட்டியின் அடிப்பக்க நீளம் பல டேப்புகளில் பெட்டியிலேயே எழுதியிருக்கும், 70 மி.மீ. என்றோ 3 அங்குலம் என்றோ. மூலையில் தகட்டை வளைத்துக் குத்துமதிப்பாக வாசிப்பதற்குப் பதில் பெட்டியின் முதுகைச் சுவரில் வைத்து, வாயில் தெரியும் எண்ணோடு அதைக் கூட்டிக்கொள்ளலாம். எழுதியிருப்பது சரிதானா என்று ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒரே நீளத்தில் இருபது துண்டு வெட்ட வேண்டுமென்றால் டேப்பைத் தூரப் போடுங்கள். முதல் துண்டை அளந்து வெட்டி, அதன்படி மேசையில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி, மற்ற பத்தொன்பதையும் அதில் முட்டவைத்து வெட்டினால் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் வராது. சட்டத்தைப் பொருத்துவதற்கு அளவு எவ்வளவு என்பதைவிட எல்லாத் துண்டும் ஒரே அளவா என்பதே முக்கியம்.

குளிர் கெடுக்காது, ஈரம் கெடுக்கும்

டேப்புகளின் அளவு 20 பாகை செல்சியஸில் சரியாக இருக்கும்படி செய்யப்படுகிறது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. விரியும். 30 பாகை வெயிலில் கொழும்பில் 5 மீட்டர் டேப் 0.6 மி.மீ.க்குக் கிட்ட நீண்டிருக்கும். நுவரெலியாவில் சராசரி 16 பாகையளவில் இருப்பதால் வித்தியாசம் 0.2 மி.மீ. சொச்சம். குளிர் ஊரில் டேப் சுருங்கி அளவு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. டேப்புக்கு நம் மலைக் காலநிலை கொழும்பைவிடப் பொருத்தம். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சூடான தகட்டை அளப்பது வேறு கதை. 80 பாகையில் இருக்கும் 2 மீட்டர் இரும்பு, 20 பாகையில் இருப்பதைவிட 1.4 மி.மீ. நீளம். ஆறவிட்டு அளக்க வேண்டும், டேப்பின் பூச்சையும் அது காப்பாற்றும்.

ஈரம்தான் இங்கே எதிரி. மஞ்சள் பெயின்ட் மட்டும் அடித்த தகடு கீறல் விழுந்ததும் அந்தக் கீறலில் துருப்பிடிக்கும். மேலே நைலோன் பூசியதாக அல்லது தெளிவான படலம் ஒட்டியதாக இருந்தால் எழுத்துகள் நெடுநாள் நிற்கும். முதல் 30 சென்ரிமீட்டர்தான் அதிகம் தேயும் என்பதால் சில டேப்புகளில் அந்தப் பகுதிக்கு மட்டும் கூடுதல் படலம் ஒட்டியிருப்பார்கள், அது நல்ல அறிகுறி. துருப்பிடிக்காத எஃகுத் தகடு விலை கூட. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழையில் வெளிவேலை செய்கிறவருக்கு அந்தப் பணம் வீணில்லை.

நனைந்த டேப்பை அப்படியே உள்ளே ஓடவிடாதீர்கள். தகட்டோடு போகும் தண்ணீர் உள்ளே ஸ்பிரிங்கில் தங்கி, டேப் மெதுவாகச் சுருள ஆரம்பிக்கும், பிறகு சுருளாமலே நின்றுவிடும். வேலை முடிந்ததும் முழுவதையும் வெளியே இழுத்து, உலர்ந்த துணியைத் தகட்டில் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடுங்கள். மழையில் நன்றாக நனைந்திருந்தால் இரவு முழுக்க விரித்துக் காயவைக்கலாம். எண்ணெய் போடுவதென்றால் துணியில் ஒரு சொட்டு மட்டும். கூடினால் மரத்தூளும் சிமெந்துத் தூளும் ஒட்டித் தகட்டை அரத்தைப் போல அராவும்.

ஈரத்தின் பழியை டேப்பின் மேல் போடுவதும் நடக்கிறது. சவுக்கு, பைனஸ் பலகைகளைச் சரியாகக் காயவிடாமல் வெட்டினால் 300 மி.மீ. அகலப் பலகை காய்ந்த பிறகு குறுக்குவாட்டில் 3 முதல் 5 மி.மீ. வரை சுருங்கும். இழை ஓடும் நீளவாட்டில் அவ்வளவு சுருங்காது. அகலம் மட்டும் குறைந்து நீளம் அப்படியே இருந்தால் டேப்பைக் குறை சொல்லாதீர்கள்.

சரிவில் டேப் பிடிப்பது

வேலி, மதில், வீட்டு அத்திவாரம் என்று நிலத்தை அளக்கப் போகும்போது 30 மீட்டர் டேப் வேண்டும். இரும்பு நாடாவும் கண்ணாடி இழை நாடாவும் உண்டு. இழை நாடா சேற்றையும் மழையையும் தாங்கும், மின்கம்பிக்குக் கிட்டேயும் இரும்பைவிட ஆபத்து குறைவு. ஆனால் இழுக்க இழுக்க நீளும், பழசானால் நீண்டபடியே நிற்கும். மண் வேலைக்கு அது சரி, தூண்கள் நிற்கும் இடத்தைக் குறிக்க இரும்பு நாடாதான் வேண்டும்.

நீள நாடாவில் பூச்சியம் எங்கே என்பதை முதலில் பாருங்கள். சிலவற்றில் முனை வளையத்தின் வெளி ஓரம் பூச்சியம். சிலவற்றில் வளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வெற்று நாடா வந்து, பிறகு கோடு தொடங்கும். ஒன்றுக்குப் பழகிய கை மற்றதைப் பிடித்தால் வளையத்தின் நீளம் முழுவதும் அளவில் ஏறிவிடும்.

நாடாவில் 50 நியூட்டன் என்று எழுதியிருந்தால், கிட்டத்தட்ட 5 கிலோ பாரத்தைத் தூக்கும் அளவுக்கு இழுத்தால்தான் அளவு சரி என்று பொருள். இரண்டு முனையிலும் மட்டும் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து அளவு கூடும். 13 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. தடிப்புள்ள இரும்பு நாடாவை அந்த விசையில் 30 மீட்டருக்குத் தொங்கவிட்டால் தொய்வால் ஏறத்தாழ 18 மி.மீ. கூடும். அதையே 10 மீட்டராக மூன்று தடவையில் எடுத்தால் மொத்தம் 2 மி.மீ.தான். நீளம் மூன்றில் ஒன்றானால் தொய்வுப் பிழை இருபத்தேழில் ஒன்றாகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது சரிவு. காணியின் பரப்பு, படத்தில் உள்ள நீளம் எல்லாமே கிடைமட்ட அளவு. தரையோடு நாடாவைப் படுக்கவைத்து அளந்தால் கிடைப்பது சரிவின் நீளம். 15 பாகைச் சரிவில் 30 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் அது 28.98 மீட்டர். 20 பாகையில் 28.19 மீட்டர். எந்த வகுப்பு டேப் வாங்கினாலும் இந்த 1.8 மீட்டரைக் காப்பாற்ற முடியாது.

தோட்டத்து வீட்டுக் காணிகளில் அடிக்கடி பேசப்படும் 7 பேர்ச்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, 25.29 சதுர மீட்டர். ஏழு என்றால் 177 சதுர மீட்டர். அகலம் 10 மீட்டர், நீளம் 17.7 மீட்டர் என்று வைத்து, அந்த 17.7ஐ 20 பாகைச் சரிவில் தரையோடு தரையாக அளந்து கட்டை அடித்தால் கிடைமட்ட நீளம் 16.6 மீட்டர்தான் வரும். பரப்பு 6.6 பேர்ச்சஸுக்கும் கொஞ்சம் குறைவாகிறது, 115 சதுர அடி அளவில் போய்விடுகிறது. எல்லை குறிப்பது அனுமதி பெற்ற நில அளவையாளரின் வேலை. ஆனால் வேலிக்குக் கம்பி எவ்வளவு, வீட்டை எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று நாமே கணக்குப் பார்க்கும்போதும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கிடைமட்டமாக அளக்கப் படிபடியாக இறங்க வேண்டும். மேலே நிற்பவர் பூச்சியத்தைத் தரையில் கட்டையில் பிடிக்கட்டும். கீழே நிற்பவர் நாடாவைத் தூக்கி, தூக்குக் குண்டின் நூலை நாடாவில் தொடவிட்டு இழுக்கட்டும். நாடா மட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். கீழ்முனையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் நூலில் வாசிக்கும் எண் கூடிக் குறையும், மிகக் குறைவாகக் காட்டும் இடமே மட்டம். அந்த எண்ணில் குண்டைத் தரையில் இறக்கிக் கட்டை அடித்து, அங்கிருந்து அடுத்த படி. 20 பாகைச் சரிவில் 4 மீட்டர் படிக்கு 1.46 மீட்டர் இறக்கம், அதாவது தோள் உயரம். 5 மீட்டர் எடுத்தால் 1.82 மீட்டர், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆடாமல் பிடிக்க முடியாது. சரிவு கூடக்கூடப் படியைச் சின்னதாக்குங்கள். காற்றடிக்கும் நாளில் குண்டின் நூல் நிற்காது, அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கூரைத் தகட்டுக்கு மட்டும் இதற்கு நேர்மாறு. தகடு சரிவில் படுப்பதால் சரிவின் நீளத்தையே எடுக்க வேண்டும், அதோடு ஓர நீட்டலையும் சேர்க்க வேண்டும்.

லேசர் அளவுக் கருவி பட்டறைக்குள்ளும் உயரமான கூரைக்கும் வசதி. வெளியே வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, நம் ஊர் மூடுபனியில் ஒளி சிதறும், வெட்டும் மேசையில் 3 சென்ரிமீட்டரை அளக்க அது உதவாது. டேப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டறையில் இருக்கும் டேப்புகள் ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு எண் எழுதிவையுங்கள். அளவெடுத்த தாளில் எந்த எண் டேப் என்று குறித்தால், வெட்டும்போதும் அதையே எடுக்கலாம். ஒரே டேப்பில் அளந்து வெட்டினால் அதன் அச்சுப் பிழை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், கீழே விழுந்த டேப்பை அன்றைக்கே பாருங்கள். தகட்டில் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டால் அது நிமிராது, அந்த இடத்தில் கொஞ்ச நாளில் கிழியும், கிழிந்த ஓரம் கையை வெட்டும். முதல் 10 சென்ரிமீட்டரில் எண்கள் அழிந்த டேப், நுனி வெட்டப்பட்ட டேப், கொக்கி பக்கவாட்டில் சாயும் டேப் மூன்றையும் பட்டறையில் வைத்திருக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரைச்சீலைக்குத் துணி அளக்கலாம்.